சூடு என்று சொல்லி மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சித்திரை பிறந்தால் போதும், கடலூர், பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரே மாதிரி நோயாளிகள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். பெருங்குடல் அழற்சி, அதாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், மருந்தில் அடங்கி நன்றாக இருந்திருக்கும். "வெயில் காலம், இந்த மாத்திரை உடம்புக்குச் சூடு" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். நோயை அடக்கி வைத்திருக்கும் மெசலமைன் மாத்திரையை நிறுத்திவிட்டு இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் ஆரம்பித்திருப்பார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, ஒரு நாளைக்குப் பத்து தடவை ரத்தமும் சளியுமாகப் போய், நடக்கத் தெம்பில்லாமல் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். தவிர்த்திருக்கக்கூடிய ஆஸ்பத்திரிப் படுக்கை இது. அதனால்தான் மனசு ஆறவில்லை.

சூடு என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலம் இறுகும். முக்கிப் போனால் மூலத்திலிருந்தோ ஆசனவாய் வெடிப்பிலிருந்தோ ரத்தம் வரும். இளநீர், மோர், நிறையத் தண்ணீர் எடுத்தால் மலம் இளகி ரத்தம் நிற்கும். பாட்டி சொன்னது அந்த நோய்க்குச் சரி. உங்களுக்கு இருப்பது வேறு. உங்கள் எதிர்ப்புசக்தியே குடலின் உள்தோலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. அக்னி நட்சத்திரத்திலும் தாக்கும், மார்கழிப் பனியிலும் தாக்கும். இளநீர் குடியுங்கள், தாராளமாகக் குடியுங்கள், ஆனால் மாத்திரைக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள்.

நிறுத்திய மறுநாளே ரத்தம் வந்திருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். சில வாரம், சில மாதம் ஒன்றும் ஆகாது. அந்த இடைவெளியில் வெந்தயத்துக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. தானாகவே ஏறி இறங்குவது இந்த நோயின் குணம். ரத்தம் நின்றது என்றால் நோய் தூங்குகிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு கொடுமை, பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. விலை குறைவு, நாலு நாளில் ரத்தம் நிற்கும். அதனால் விலை கூடிய மெசலமைனை விட்டுவிட்டு, பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டை மட்டும் மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள். ஸ்டீராய்டு தீயை அணைக்கும், வீட்டைக் காவல் காக்காது. வழக்கமாக 40 மி.கி.யில் தொடங்கி வாரம் 5 மி.கி. வீதம் குறைத்து நிறுத்துவோம். மாதக்கணக்கில் போட்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். திடீரென நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க முடியாமல் மயங்கி விழ நேரும். காசுதான் பிரச்சினை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள். சல்ஃபாசலசீன் போல விலை குறைந்த வழி உண்டு. அதோடு ஃபோலிக் அமிலம் சேர்க்க வேண்டும்.

மெசலமைன் மாத்திரையை உடைக்காதீர்கள், மெல்லாதீர்கள். மேலுறை குடலின் கீழ்ப்பகுதியில் கரைவதற்காகப் போட்டது. சில வகைகளில் வெற்றுக் கூடு மலத்தில் வரும், பயப்பட வேண்டாம். முழு மாத்திரையே அடிக்கடி வந்தால் சொல்லுங்கள்.

நோய் மலக்குடலோடு நின்றிருந்தால் வாய்வழி மாத்திரையைவிட ஆசனவாயில் வைக்கும் குச்சி மருந்தோ, எனிமா என்ற திரவ மருந்தோதான் நன்றாகக் கேட்கும். கூச்சத்தில் பாதிப் பேர் அதை வாங்குவதே இல்லை. இரவு வெளிக்குப் போய்விட்டு வந்து, இடப்பக்கம் சாய்ந்து படுத்து, வலது முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே தள்ளுங்கள். எனிமா என்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, மெதுவாக அழுத்துங்கள். அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்து அப்படியே தூங்கிவிடுங்கள். கறை படியும், பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மே மாத அறைச் சூட்டில் குச்சி மருந்து இளகிவிடும். கவரைப் பிரிக்காமல் சில நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் இறுகும்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், நோயைக் கிளப்பிவிடும். பாராசிட்டமால் போதும். ரத்தத்தோடு கடுமையாகப் போகும்போது கடையில் பேதியை நிறுத்தும் லோபராமைடு வாங்கிப் போடவே கூடாது, குடல் செயலிழந்து வீங்கிவிடும்.

சாப்பாட்டில் ஆயுள் பத்தியம் தேவையில்லை. நோய் ஏறியிருக்கும்போது கஞ்சி, இட்லி, குழைந்த சாதம், காரமில்லாமல் வேகவைத்த மீன். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் அப்போது வேண்டாம். அடங்கிய பிறகு ஒத்துக்கொள்வதையெல்லாம் சாப்பிடலாம். வருடம் முழுக்க மோர்சாதம் மட்டுமே தின்று சோகை பிடித்து வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு குடல் அழற்சியான கிரோன் நோயில் குடல் சுருங்கியவர்களுக்கு மட்டும் நார், கொட்டை விஷயத்தில் தனிக் கட்டுப்பாடு உண்டு. கிரோனுக்கு மெசலமைன் பெரிதாக உதவாது, அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

கர்ப்பம் தெரிந்ததும் மருந்தை நிறுத்தச் சொல்லும் அத்தை, மாமியார்களே, தயவுசெய்து வேண்டாம். மெசலமைனைக் கர்ப்பத்திலும் தொடரலாம். அடங்காத நோய்தான் குழந்தைக்குக் கெடுதல். எதிர்ப்புசக்தியை அடக்கும் மீதோட்ரெக்சேட் போடுகிறவர்கள் மட்டும் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே எங்களிடம் வர வேண்டும்.

ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ, நாடித் துடிப்பு 90-க்கு மேலோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். நன்றாக இருக்கிறவர்களும் நோய் தொடங்கி 8 வருடம் ஆனதும் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும், புற்றுநோய் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க.

அடுத்த முறை வரும்போது காலி மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "ஒழுங்காகப் போடுறேன் சார்" என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, சேர்ந்து எண்ணுவோம். விட்டுப்போயிருந்தால் திட்ட மாட்டேன், ஏன் விட்டுப்போனது என்று மட்டும் கேட்பேன்.