சோளிங்கர் படியில் வந்த நெஞ்சு இறுக்கம்

சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படிகள். கார்த்திகையில் யோக நரசிம்மர் கண் திறந்து பார்ப்பார் என்பது ஐதீகம். எங்கள் பெரியப்பா வாலாஜாவிலிருந்து வருஷம் தவறாமல் அந்த மாதத்தில் மலையேறுவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். இருநூறு படி ஏறியிருப்போம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னா பெரியப்பா பண்ணுது?"

"கேஸ்தாம்ப்பா. ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும்."

சோடா கிடைப்பதற்குள்ளாகவே, ஐந்து நிமிஷம் உட்கார்ந்ததில் இறுக்கம் விட்டுவிட்டது. மறுபடி ஏறினோம், ஏறக்குறைய அதே அளவு படிகளில் மறுபடி வந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது. ஏறினால் வருவதும் உட்கார்ந்தால் போவதும் வாயுவின் குணம் இல்லை.

இதயத்தின் அறைகளில் எந்நேரமும் ரத்தம் நிறைந்திருக்கிறது. ஆனால் அதன் தடித்த தசை அந்த ரத்தத்தை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. ஏரி ததும்பினாலும் கால்வாய் வழியாக வந்தால்தானே கழனிக்குப் பாயும்? இதயத்தின் கால்வாய்கள் அதன் மேற்பரப்பில் ஓடும் கரோனரி ரத்தக்குழாய்கள். பெரியவையே மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான்.

சும்மா இருக்கும்போது உடம்பின் மற்ற பாகங்கள் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் சுமார் கால் பங்கைத்தான் எடுக்கின்றன. வேலை கூடினால் மீதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதயமோ ஓய்விலேயே சுமார் 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும், வேறு வழியில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதயம் சுருங்கும்போது தன் குழாய்களையே நசுக்கிக்கொள்கிறது. இடப்பக்கத் தசைக்குப் பெரும்பாலும் அது விரியும் நேரத்தில்தான் ரத்தம் பாய்கிறது. படியேறத் துடிப்பு வேகமெடுத்தால் அந்த நேரம் சுருங்கும். தேவை ஏறும்போது பாயும் நேரம் குறைகிறது. குழாயின் அகலம் 70 சதவீதம் அடைபட்டிருந்தால் உட்கார்ந்திருக்கும்வரை சமாளிக்கும், படியில் சமாளிக்காது. உட்கார்ந்தால் துடிப்பு இறங்கி வலி விட்டுவிடும். இதில் தசை சாவதில்லை.

மாரடைப்பு வேறு விதம். குழாயின் சுவருக்குள் கொழுப்பு படிந்து திட்டாகிறது. அதன் மேல் ஒரு மெல்லிய மூடி. அந்த மூடி கிழிந்தால் காயம் பட்டது போலவே ரத்தம் அங்கே உறைகிறது. சில நிமிஷங்களில் குழாய் முழுதாக மூடிவிடலாம். இப்படிக் கிழிவது பல சமயம் பெரிய அடைப்பு அல்ல. பாதி அளவுகூட அடைக்காத திட்டாக இருக்கலாம். அது படியில் இறுக்கம் தந்திருக்காது, டிரெட்மில் டெஸ்டிலும் தெரிந்திருக்காது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு" என்று சாவு வீட்டில் சொல்வது பொய்யல்ல.

அதனால்தான் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய்) வைத்தவரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று நான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன். ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறக்கிறது. திட்டுகள் குழாய் நெடுக இருக்கின்றன. படியேறும்போது மட்டும் வலி வருகிறவர்களை வைத்துச் செய்து 2007இல் வெளியான கரேஜ் ஆய்வில், மாத்திரையோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைவிட மாரடைப்போ சாவோ குறையவில்லை. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட் உயிர் காக்கும். அது வேறு கதை. ஸ்டாட்டின் மாத்திரை கெட்ட கொழுப்பைக் குறைத்து அந்த மூடியைக் கெட்டிப்படுத்துகிறது. ஆஸ்பிரின், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருக்க வேண்டும். பீடி, சிகரெட்டை விட்டால் ஒரே வருஷத்தில் கூடுதல் ஆபத்து சுமார் பாதியாகக் குறைகிறது.

குழாய் மூடிய இருபது முப்பது நிமிஷத்தில் தசை சாகத் தொடங்குகிறது. உட்கார்ந்தும் விடாத வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் சோடா கடையைத் தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியுமாக மட்டும்கூட வரலாம். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, அதைப் போலவே உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரல் 4, ஸ்டாட்டின் வகையான அட்டோர்வாஸ்டாட்டின் 8. அதைப் போட்டுக்கொண்டு, நேரம் வீணாகாமல் அடுக்கம்பாறை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மலையோரக் கிராமத்தில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

பெரியப்பாவுக்கு, இதயக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவில் ஒரு குழாயில் அடைப்பு தெரிந்தது. இப்போது மாத்திரையும் காலை நடையுமாக இருக்கிறார். நெஞ்சு இறுக்கம் வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். பிரஷர் சட்டென்று இறங்கும் என்பதால் உட்கார்ந்துகொண்டுதான் அதை வைக்க வேண்டும் என்று பெரியம்மாவுக்கும் சொல்லியிருக்கிறோம். சோளிங்கரில் ரோப்கார் வந்துவிட்டது. கார்த்திகையில் அதில்தான் மேலே போய் வருகிறார்.