அகஸ்டா: பேரரசியா, பெருமாட்டியா?

ரோமானியக் காசுகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது, அரச குடும்பத்துப் பெண்களின் பட்டமான ‘அகஸ்டா’ வந்தால், பெரும்பாலும் ‘பேரரசி’ என்று போட்டுவிடுகிறோம். அது பொருந்தாது. எடுத்துக்காட்ட ஒரு காசு போதும்.

இளைய ஃபவுஸ்தினாவின் செஸ்டர்டியஸ். வெண்கலக் காசு என்று பொதுவாகச் சொன்னாலும், உண்மையில் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. எடை ஏறக்குறைய 25 கிராம். நம் பத்து ரூபாய் காசைப் போல மூன்று மடங்கு. முன்பக்கத்தில் பக்கவாட்டு முகம், அலையலையாக வாரிய கூந்தல், பின்னால் கொண்டை. சுற்றிலும் சுருக்கெழுத்தாக ஒரு வரி. விரித்துப் படித்தால், ‘பியுஸ் அகஸ்டஸின் மகள் ஃபவுஸ்தினா அகஸ்டாவுக்கு’.

மகள்! அப்பா அந்தோனினஸ் பியுஸ்தான் அப்போது பேரரசர். கி.பி. 147இல் முதல் குழந்தை பிறந்ததையொட்டி ஃபவுஸ்தினாவுக்கு இந்தப் பட்டம் வந்தது. கணவர் மார்கஸ் அரேலியஸ் அரியணை ஏறியதோ 161இல். நடுவில் 13 ஆண்டுகளுக்கும் மேல் ஃபவுஸ்தினா அகஸ்டா. ஆனால் பேரரசரின் மனைவி அல்ல.

இது விதிவிலக்கும் இல்லை. முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்குப் பட்டம் கிடைத்தது கணவர் இறந்த பிறகு, அவருடைய உயில் வழியாக, கி.பி. 14இல். பேரரசர் டிராஜனின் அக்கா மார்சியானாவும் அகஸ்டா. பேரரசர் நீரோவுக்கு கி.பி. 63இல் பிறந்து சில மாதங்களிலேயே இறந்துபோன கைக்குழந்தை கிளாடியாவும் அகஸ்டா. கைக்குழந்தையைப் பேரரசி என்று எப்படிச் சொல்வது?

சரி, சொல்லின் வேர் என்ன? கி.மு. 27இல், முதல் பேரரசரான ஆக்டேவியனுக்கு ரோமானிய செனட் ‘அகஸ்டஸ்’ என்று பட்டம் தந்தது. அதன் பெண்பால்தான் அகஸ்டா. வளர்த்தல், பெருக்குதல் என்று பொருள்படும் ‘அவ்கெரே’ என்ற லத்தீன் வினையோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். காசில் உகரத்துக்கும் வகரத்துக்கும் V என்ற ஒரே எழுத்து என்பதால் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவதுண்டு. லத்தீன் ஒலிப்பு ‘அவ்குஸ்தா’.

என் தேர்வு ‘பெருமாட்டி’. பெருகு, பெருமை, பெருமான் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. அகஸ்டஸ்–அகஸ்டா போலவே பெருமான்–பெருமாட்டி என்று இணையும் அமைகிறது. மனைவி, மகள், அக்கா யாருக்கும் பொருந்தும். ‘பெருந்தேவி’ அழகான சொல்தான், ஆனால் அது பட்டத்தரசியையே குறிக்கும். அப்புறம், ‘தேவி’ நமக்கு வேறோர் இடத்தில் தேவைப்படுகிறது: ஃபவுஸ்தினாவின் தாயார் இறந்தபின் அவரைத் தெய்வமாக்கி வெளியிட்ட காசுகளில் ‘திவா ஃபவுஸ்தினா’ என்றிருக்கும். அந்தத் ‘திவா’வும் வடமொழித் ‘தேவி’யும் உறவுச் சொற்கள். ஆக, தாய் ஃபவுஸ்தினா தேவி. மகள் ஃபவுஸ்தினா பெருமாட்டி.