புற்றுநோய்க் கணக்கெடுக்கும் இளம் ஆய்வாளர்கள்: மேடையில் எதைக் காட்ட வேண்டும்?

2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான திண்டுக்கல் ஆய்வைப் பொதுச் சுகாதாரம் படித்தவர்கள் பலர் அறிவார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். சோதனை நடந்த பகுதிகளில் 49,311 பெண்கள், ஒப்பிட எடுத்துக்கொண்ட பகுதிகளில் 30,958 பெண்கள். ஒரே ஒரு முறை செய்த சோதனை, கருப்பை வாய்ப் புற்றுநோய் வருவதை 25 சதவீதமும் அதனால் ஏற்படும் சாவை 35 சதவீதமும் குறைத்தது.

சோதனைக்குப் பிறகு யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்பதைக் கண்டுபிடிக்கக் கைகொடுத்தது திண்டுக்கல் அம்பிளிக்கைப் புற்றுநோய்ப் பதிவேடு, அதாவது ஒரு பகுதியில் வசிப்பவர்களில் புற்றுநோய் வந்தவர்களையெல்லாம் கணக்கெடுக்கும் ஏற்பாடு. அது இல்லாவிட்டால் அந்த 25-ம் இல்லை, 35-ம் இல்லை. 1982-ல் சென்னை, மும்பை, பெங்களூரு பதிவேடுகளோடு தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து நம் நாட்டில் பெரும்பாலும் முறை ஒன்றுதான்: மருத்துவமனை தகவல் அனுப்பும் என்று காத்திருக்காமல் பதிவேட்டுப் பணியாளர் நேரில் போய் எடுத்து வருவது. புள்ளியியலோ சமூக மருத்துவமோ முடித்துவிட்டு இத்துறைக்கு வரும் இளைஞர்கள் பலர் முதலில் கை வைப்பது இந்தத் தரவில்தான். ஆனால் மாநாட்டில் அவர்கள் ஒட்டும் போஸ்டரில் இந்த உழைப்புக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. அதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம்.

முதல் வேலை, ஒரே நோயாளியை இரண்டு முறை எண்ணாமல் இருப்பது. கேட்க எளிதாக இருக்கும். ஒரு பெண் ஊரில் பயாப்சி (திசுச் சோதனை) எடுத்து, மதுரையில் அறுவை சிகிச்சை செய்து, கதிர்வீச்சுக்குச் சென்னை போயிருப்பார். மூன்று இடத்திலும் மூன்று பதிவு. ஒன்றில் லட்சுமி, ஒன்றில் லெட்சுமி, இன்னொன்றில் விஜயலட்சுமி. கல்யாணத்துக்கு முந்தைய அடையாள அட்டையில் அப்பாவின் இனிஷியல், பிந்தையதில் கணவரின் இனிஷியல். வயது 45, 48, 50. குடும்பப் பெயரை வைத்துப் பொருத்தும் வெளிநாட்டு மென்பொருள் இங்கே தடுமாறும். அதனால் பாலினம், நோய் வந்த உறுப்பின் குறியீடு, ஐந்து வயது முன்பின், ஊர் என்று முதலில் சிறு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். பிறகு தொலைபேசி எண், கணவர் அல்லது தந்தை பெயர், பயாப்சி எண் மூன்றையும் ஒப்பிட வேண்டும். அப்படியும் தீராதவற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஒரே ஆளை இரண்டாக எண்ணினால் நோய் வீதம் கூடும்; இரண்டு பேரை ஒன்றாக்கினால் குறையும். எந்த விதியை வைத்து முடிவெடுத்தோம் என்று எழுதி வைக்காத பதிவேட்டில், அடுத்த ஆண்டு வேறு ஒருவர் வந்து உட்கார்ந்தால் எண்ணிக்கையே மாறிவிடும்.

அடுத்தது முகவரி. அந்தப் பகுதியில் குறைந்தது ஓர் ஆண்டு வசித்தவர்தான் அந்தப் பதிவேட்டின் நோயாளி. சிகிச்சைக்கு வந்தவர்கள் சென்னையிலுள்ள உறவினர் வீட்டு முகவரியைத்தான் பெரும்பாலும் தருவார்கள். கேஸ் ஷீட்டை மட்டும் நம்பினால், வெளிமாவட்ட நோய் எல்லாம் சென்னைக் கணக்கில் ஏறும். எத்தனை ஆண்டு அந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்று கேட்டாக வேண்டும்.

இறப்புப் பதிவிலும் சிக்கல் உண்டு. புற்றுநோயோடு வீட்டில் இறந்த பலருக்குக் காரணம் 'மாரடைப்பு' என்றோ 'முதுமை' என்றோ எழுதப்பட்டிருக்கும். ஆகவே புற்றுநோய் என்று எழுதிய இறப்புகளை மட்டுமல்ல, எல்லா இறப்புகளையும் நோயாளிப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் இல்லாத புற்றுநோய் இறப்பு கிடைத்தால், எந்த மருத்துவமனையில் பார்த்தார்கள் என்று பின்னோக்கித் தேட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின், லட்சம் பேருக்கு எத்தனை என்று நோய் வீதம் காண, வகுக்கும் எண்ணாக மக்கள்தொகை தேவை. கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல் எடுத்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு எல்லோரும் மதிப்பீட்டைத்தான் வைத்திருக்கிறோம். எந்த முறையில் மதிப்பிட்டோம் என்பதைப் போஸ்டரிலேயே சொல்லிவிடுவது நேர்மை. தமிழ்நாட்டில் முதியோர் அதிகம், பீகாரில் இளையோர் அதிகம். இந்த வயது வேறுபாட்டைச் சரிக்கட்டாமல் இரண்டு மாநிலங்களின் நோய் வீதத்தையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசத்தில் எவ்வளவு வயதால் வந்தது, எவ்வளவு நோயால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது மேடை. பத்து நிமிடப் பேச்சில் இரண்டு நிமிடத்தைத் தரவுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். கையில் வந்த பதிவுகள் எத்தனை, இரட்டிப்பு என்று நீக்கியவை எத்தனை, வெளியூர் என்று விட்டவை எத்தனை, மிஞ்சியவை எத்தனை என்று ஒரே படத்தில் காட்டினால் போதும். அதோடு, நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தவை எத்தனை சதவீதம், இறப்புச் சான்று மட்டுமே ஆதாரமாக உள்ளவை எத்தனை சதவீதம் என்ற இரண்டும் இருக்க வேண்டும். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் நோயாளிகளைத் தவறவிட்டிருக்கிறோம் என்று பொருள். முதல் எண் நூறை ஒட்டி இருந்தாலும் மகிழ வேண்டாம்: திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜி லேபுக்கு மட்டும் போய்விட்டு, பயாப்சி எடுக்கவே முடியாத நிலையில் வந்தவர்களை விட்டிருக்கலாம்.

சிறிய எண்களில் கவனம் வேண்டும். இரண்டு லட்சம் பெண்கள் உள்ள பகுதியில் ஓர் ஆண்டில் 16 பேருக்கு நோய் என்றால் வீதம் லட்சத்துக்கு 8. ஆனால் 16 என்ற எண்ணிக்கையின் 95 சதவீத நம்பக வரம்பு (தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் கழித்தால் உண்மை அளவு இருக்கக்கூடிய எல்லை) ஏறக்குறைய 9 முதல் 26 வரை; வீதமாகச் சொன்னால் 4.5 முதல் 13 வரை. இந்த வரம்பைக் காட்டாமல் மாவட்டங்களை வரிசைப்படுத்தினால் அடுத்த ஆண்டே வரிசை தலைகீழாகும். அதற்குள் செய்தித்தாள் 'புற்றுநோய் மாவட்டம்' என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்திருக்கும். ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கையை ஊர்ப் பெயரோடு போடவே கூடாது. அது யார் என்று ஊராருக்குத் தெரிந்துவிடும்.

நோய் கண்டபின் எத்தனை பேர் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கிறார்கள் என்ற உயிர்வாழ்வு பற்றிப் பேசுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, தொடர்பு விட்டுப்போனவர்களை என்ன செய்தீர்கள் என்பது. தொலைபேசி எடுக்காதவரை உயிரோடு இருப்பதாகக் கொண்டால் முடிவு மிக நன்றாக வரும். இறந்தவர் வீட்டில்தான் பெரும்பாலும் அந்த எண் அணைந்து கிடக்கும். விட்டுப்போனவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தால் எவ்வளவு, எல்லோரும் இறந்திருந்தால் எவ்வளவு என்று இரண்டையும் கணக்கிட்டுக் காட்டும் இளைஞருக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

துறைத் தலைவர்களுக்கு ஒன்று. தரவு திரட்டியவரை நன்றிப் பகுதியில் எழுதி முடித்துவிடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதிப்படி, தரவு திரட்டுவதில் கணிசமான பங்கு உள்ளவருக்குக் கட்டுரையை எழுதவும் திருத்தவும் இறுதி வடிவை ஏற்கவும் வாய்ப்புத் தர வேண்டும். வாய்ப்பை மறுத்துவிட்டு, அவர் எழுதவில்லையே என்று பெயரை விடுவது அநியாயம். ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பும் முன் பதிவேட்டுக் களப்பணியாளர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நோயாளிகள் திடீரென்று இரட்டிப்பான ஆண்டில் புதிதாக ஒரு மருத்துவமனை கணக்கில் சேர்ந்ததா என்பது அவருக்குத்தான் தெரியும்.