அக்கிக்கு 72 மணி நேரம்தான் கெடு

2021 ஜனவரி. கோலாலம்பூரில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு மறுபடியும் தொடங்கியிருந்த சமயம். செந்தூலிலிருந்து ஒருவர் தம் தாயாரை என் கிளினிக்குக் கூட்டி வந்தார். எழுபதைத் தாண்டியவர், இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. வலது நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை கொப்புளங்கள், மேலே அக்கிக்கென்று பூசி, காய்ந்து வெடித்த காவிமண் பூச்சு. இமை வீங்கி மூடிக் கிடந்தது.

"எத்தனை நாளாச்சும்மா?"

"ஆறு நாள் டாக்டர். முகக்கவசம் பட்டாலே நெருப்பு வெச்ச மாதிரி எரியுது. அது இல்லாம எப்படி வெளிய வர்றது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அக்கிக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கண் பக்கம் என்பதால் தாமதமானாலும் கொடுத்து, அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பின் கிளைகள். நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். உயிர் தப்பினார். அந்தக் கண்ணில் பார்வை மங்கியது மங்கியதுதான்.

அக்கியால் சாவது அரிது. அமெரிக்காவிலேயே ஆண்டுக்கு 100 பேருக்கும் குறைவு என்கிறது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம். இறப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், எதிர்ப்புசக்தி குன்றியவர்கள். கிருமி நுரையீரலுக்கோ மூளைக்கோ பரவும், அல்லது புண்ணில் சீழ் பிடித்து இரத்தத்தில் கலக்கும். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமிதான் நரம்பு வேரில் பதுங்கியிருந்து, உடம்பு தளரும்போது அக்கியாகக் கிளம்புகிறது. கோவிட் கண்ட, 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு 15 விழுக்காடு கூடியதாக 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது.

இங்கே சீனர்கள் இதைப் பாம்பு என்பார்கள், மலாய்க்காரர்கள் காயாப் என்பார்கள். இடுப்பைச் சுற்றித் தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போகும் என்ற பயம் நம்மவர்களிடமும் உண்டு. அப்படியெல்லாம் இல்லை. அக்கி பொதுவாக ஒரு பக்கத்தோடு நிற்கும். உடம்பெங்கும் கொப்புளம் கிளம்பினாலோ, காய்ச்சலோடு பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காவி பூசுவது உங்கள் மனத்துக்கு ஆறுதல் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, புண்ணில்லாத இடத்தில் பூசுங்கள். அப்புறம், 50 வயதைத் தாண்டியவர்கள் அக்கித் தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்: இரண்டு ஊசி, இடையில் 2 முதல் 6 மாதம்.