பாய்மரப் படகுச் சான்றிதழ்: பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்திலிருந்து 22 வயதுப் பையன் ஒருவன் போன பங்குனியில் என்னைப் பார்க்க வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே தங்க ஓரம் போட்ட சான்றிதழ். அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனில் 38,000 ரூபாய் கட்டி, வெளியூரில் தங்கிப் பாய்மரப் படகுப் பயிற்சி எடுத்திருக்கிறான். வளைகுடாவில் ஒரு கடற்கரை விடுதியில் பயிற்றுநர் வேலைக்கு அந்தத் தாளை அனுப்பியதும் "இது செல்லாது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. வாங்கிப் பார்த்தேன். "பயிற்சியில் கலந்துகொண்டார்" என்று மட்டும் இருந்தது. எந்த நிலை, யார் சோதித்தார், எந்த அங்கீகாரத்தின் கீழ் கொடுத்தார்கள், ஒன்றும் இல்லை. எட்டு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போன பிள்ளை அவன். வாடைக்காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் கடல் எப்படி மாறும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் திறமையைக் காகிதத்தில் ஏற்ற ஆள் இல்லாமல் போனதுதான் கொடுமை.

இப்படி வருகிறவர்கள் கேட்கும் சான்றிதழ் பெரும்பாலும் பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன், சுருக்கமாக ஆர்ஒய்ஏ, நடத்தும் தேசியப் பாய்மரப் பயிற்சித் திட்டத்துடையது. 1875-இல் தொடங்கிய சங்கம். அதன் அங்கீகாரம் பெற்ற மையங்கள் வளைகுடாவிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. பின்னணி இவ்வளவு போதும்.

பெரியவர்களுக்கு மூன்று அடிப்படை நிலைகள். ஒவ்வொன்றும் சுமார் இரண்டு நாள். முதல் நிலை முடித்தவர், கூடவே ஒருவர் கண்காணிக்க, எல்லாத் திசையிலும் படகைச் செலுத்துவார். இரண்டாம் நிலை முடித்தவர் லேசான காற்றில் தானே முடிவெடுத்துப் படகை இறக்கி ஓட்டிக் கரை சேர்ப்பார். மூன்றாம் நிலை அதற்கும் மேலான காற்றுக்கு. 'டிங்கி' என்று அவர்கள் சொல்வது ஓரிருவர் ஏறும் சிறு பாய்மரப் படகைத்தான்.

இந்த நிலைகளுக்குத் தேர்வு என்று தனியாக எதுவும் கிடையாது. கடைசி நாள் ஒரு பரீட்சை வைப்பார்கள், அதில் தேறினால் தாள் கிடைக்கும் என்று நினைத்துத்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பயிற்சி நடக்கும்போதே பயிற்றுநர் கவனித்துக்கொண்டிருப்பார். பாடத்திட்டம் வரி வரியாக ஒரு பதிவேட்டில் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு திறனையும் நீங்கள் செய்து காட்டினால் அந்த வரிக்கு எதிரே அவர் கையெழுத்து. எல்லா வரியும் நிறைந்தால் அந்த நிலைக்கான சான்றிதழை மையமே எழுதித் தரும்.

ஒரு வரி எப்படி நிறைகிறது என்று சொல்கிறேன். கவிழ்ந்த படகை நிமிர்த்துவது. படகு பக்கவாட்டில் சாய்ந்து பாய் தண்ணீரில் படுத்துவிடும். ஒருவர் நீந்திச் சுற்றிப்போய், அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின் மேல் ஏறி நின்று, பின்னால் சாய்ந்து தன் எடையைப் போட்டு இழுப்பார். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் பாயிலிருந்து தண்ணீர் வழிந்து, பாய்மரம் மெல்ல எழும்பி, சட்டென்று படகு நிமிர்ந்துவிடும். உள்ளே இருப்பவரை அது அள்ளிக்கொண்டு எழும். கட்டுமரக்காரர் பிள்ளைகள் இதை முதல் தடவையிலேயே செய்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறும் இடம் வேறு. பாயின் அமைப்பு, படகின் சமநிலை, முன்பின் எடை, நடுப்பலகை, போகும் பாதை என்று ஐந்து அடிப்படைகளை ஆங்கிலப் பெயரோடு கேட்பார்கள். படகின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்புவது 'டாக்', காற்று பின்னாலிருந்து வரும்போது திருப்புவது 'ஜைப்'. கை செய்யும், வாய் சொல்லாது. இது போன்ற இருபது முப்பது சொற்களைப் போவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சரி, எங்கே மாட்டிக்கொள்கிறோம்?

முதலாவது, மையம். "நாங்கள் ஆர்ஒய்ஏ பாடத்திட்டப்படி சொல்லித்தருகிறோம்" என்பதும் அங்கீகாரம் பெற்ற மையம் என்பதும் ஒன்றாகாது. பாடத்திட்டத்தை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம், சான்றிதழ் தர அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரமும் பயிற்சிக்குப் பயிற்சி தனித்தனி. விசைப்படகுக்கு மட்டும் அங்கீகாரம் உள்ள மையம் பாய்மரப் படகுக்குச் சான்று தர முடியாது. ஆர்ஒய்ஏ இணையதளத்தில் மையங்களின் பட்டியல் இருக்கிறது. அங்கே பெயரும் பயிற்சியும் இரண்டும் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் உறுதிமொழியை நம்பாதீர்கள்.

இரண்டாவது, பதிவேடு. முதல் நாளே கேட்டு வாங்குங்கள். "கடைசியில் மொத்தமாகப் போட்டுத் தருகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு நாள் மாலையும், துணி மாற்றுவதற்கு முன்பே, பயிற்றுநரிடம் நீட்டுங்கள். கூச்சம் வேண்டாம், நீங்கள் பணம் கொடுத்தது இந்தக் கையெழுத்துக்குத்தான். காற்று விழுந்து பயிற்சி பாதியில் நின்றாலும் முடித்த வரிகளுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டால், மிச்சத்தை அங்கீகாரம் பெற்ற வேறு மையத்தில் முடிக்கலாம். கையெழுத்து இல்லாமல் ஊர் திரும்பினால் அதே மையத்தைத் தொலைபேசியில் துரத்த வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு நான்கு மாதம் "சார் வெளியூர்" என்ற பதில் மட்டும்தான் கிடைத்தது.

மூன்றாவதுதான் அதிகம் பேரை வீழ்த்துவது. இரண்டாம் நிலையோ மூன்றாம் நிலையோ வேலைக்கான தகுதி ஆகாது. நீங்கள் ஓட்டக் கற்றீர்கள் என்பதற்கு மட்டுமே அது சான்று. அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டுமானால் டிங்கி பயிற்றுநர் சான்றிதழ் தனி. அதற்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். விசைப்படகு இரண்டாம் நிலைச் சான்று வேண்டும், செல்லுபடியாகும் முதலுதவிச் சான்று வேண்டும், ஆர்ஒய்ஏ சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே, நுழைவதற்கு முன் படகு ஓட்டிக் காட்டும் ஓட்டச் சோதனை ஒன்று. சுக்கான் இல்லாமல் பாயையும் உடல் எடையையும் வைத்தே முக்கோணப் பாதையில் படகைச் சுற்றிவரச் சொல்வார்கள். தண்ணீரில் விழுந்த ஆளை எடுக்கச் சொல்வார்கள். கடலோடு வளர்ந்த பிள்ளைகள் இதில் அஞ்ச வேண்டியதில்லை. தேறினால் சுமார் ஐந்து நாள் பயிற்சி, முடிவில் அதுவரை உங்களுக்குப் பாடம் நடத்தாத வேறொருவர் வந்து மதிப்பிடுவார்.

வரிசையைக் கவனியுங்கள். பயிற்றுநர் பயிற்சிக்கு முதலில் பணம் கட்டிவிட்டு, விசைப்படகுச் சான்று இல்லை என்று வாசலிலேயே நிற்கிறார்கள். விசைப்படகுப் பயிற்சியும் முதலுதவியும் முதலில், ஓட்டச் சோதனை அடுத்து, பயிற்றுநர் கட்டணம் கடைசியில். பயிற்றுநர் சான்றுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு, அதுவும் முதலுதவிச் சான்று உயிரோடு இருக்கும்வரை. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

தரகர்கள் ஒன்று சொல்வார்கள்: "இந்தப் பயிற்சி எடுத்தால் சிடிசி கிடைக்கும், கப்பலில் ஏறிவிடலாம்." பொய். சிடிசி என்பது கப்பல் பணியாளருக்கான பணிப்பதிவுச் சான்று. கப்பல் வேலைக்கான சிடிசியை இந்தியாவில் வழங்குவது கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், டிங்கிச் சான்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெளிநாட்டு வேலை பிடித்துத் தருகிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவராக இருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. அதைத் தாண்டிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் அரசு வேலை. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பயிற்சிச் சான்றைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். தரங்கம்பாடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியை ஒரு அலுவலகத்தில் மீன்வளத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே போனால் விளையாட்டுத் துறையைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று பஸ், இரண்டு நாள் கூலி போனது. பயிற்சிச் சான்று அங்கே எடுபடாது, போட்டியில் பெற்ற இடத்துக்கான சான்றுதான் வேண்டும் என்று முதல் மேசையிலேயே ஒருவர் சொல்லியிருக்கலாம். மத்திய அரசு வேலைக்கு அதற்கென்று நான்கு படிவங்கள்: சர்வதேசப் போட்டிக்கு முதல் படிவம், தேசியப் போட்டிக்கு இரண்டாவது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்றாவது, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு நான்காவது. நீங்கள் ஆடிய போட்டி இவற்றில் எதில் வரும் என்பதை மாநிலப் பாய்மரப் படகுச் சங்கத்திடம் போட்டிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். நமக்கு முதலெழுத்துதான், குடும்பப்பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், சான்றிதழில் ஒற்றை எழுத்து நிற்கும். வேலை கொடுப்பவர் இருவேறு ஆள் என்பார். விண்ணப்பத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள், தாளைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். இந்த நிலைச் சான்றிதழ் தொலைந்தால் மறுபிரதிக்கு அதைக் கொடுத்த மையத்திடம்தான் போக வேண்டும். அதனால் சான்றிதழையும் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அன்று இரவே போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். உப்புக்காற்றடிக்கும் வீட்டில், ஓலைக்கூரையின் கீழ், காகிதம் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.