பாராமெட்ரிக்: அளபுருவும் பரிமாணமும்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற ஓர் இரும்பு ஏணியை இன்வென்டர் என்ற இயந்திர வடிவமைப்பு மென்பொருளில் வரைவதாக வைத்துக்கொள்வோம். உயரம் 3000 மி.மீ., படி இடைவெளி 300 மி.மீ. இடைவெளிகள் எத்தனை என்று நாம் எண்ணிக் கொடுப்பதில்லை. உயரத்தை இடைவெளியால் வகுக்கும் சூத்திரத்தை எழுதி வைக்கிறோம். உயரத்தை 3600 ஆக்கினால் 10 என்பது தானே 12 ஆகிவிடும். இப்படி ஒரு மதிப்பைத் தொட்டால் அதைச் சார்ந்தவை எல்லாம் அசைந்து கொடுக்கும் மாதிரிதான் பாராமெட்ரிக். தொடுகிற அந்த மதிப்பு பாராமீட்டர்.

வேர் கிரேக்கம். 'பாரா' என்றால் பக்கத்தில், துணையாக. 'மெட்ரோன்' என்றால் அளவு. 1631-ல் பிரெஞ்சுக் கணிதர் குளோத் மிடோர்ஜ் கூம்பு வளைவுகளைப் பற்றி எழுதும்போது இச்சொல்லைக் கையாண்டார். நம் பாடநூல்கள் செவ்வகலம் என்று சொல்கிற நீளம்தான் அவருக்குப் பாராமீட்டர். அந்த ஒரு நீளம் தெரிந்தால் பரவளையத்தின் வடிவம் முழுதும் தீர்மானமாகிவிடும். இன்றைய பொருளின் கரு அப்போதே இருந்திருக்கிறது!

கட்டடக்கலைக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர் இத்தாலியரான லூயிஜி மொரெத்தி. 1960-ல் மிலானில் அவர் காட்சிக்கு வைத்த விளையாட்டரங்க மாதிரிகளில், எந்த இருக்கையிலிருந்து எவ்வளவு தெரியும் என்ற கணக்குதான் அரங்கின் வடிவத்தைத் தீர்மானித்தது. இயந்திர வடிவமைப்பில் சொல்லைப் பரப்பியது 1985-ல் தொடங்கிய பாராமெட்ரிக் டெக்னாலஜி நிறுவனமும் அதன் புரோ/இன்ஜினியர் மென்பொருளும். அங்கே வேலை பார்த்த லியோனிட் ரெய்ஸ், இர்வின் ஜங்ரைஸ் இருவரும் வெளியே வந்து 1997-ல் ஆரம்பித்த முயற்சிதான் பிறகு ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள் ஆனது. 2002-ல் அதை இன்வென்டரின் நிறுவனமான ஆட்டோடெஸ்க் வாங்கியது. ஆக, இரண்டு பக்கமும் ஒரே வம்சம்.

ஆனாலும் ஏணியை இன்வென்டரிலிருந்து ரெவிட்டுக்கு அனுப்பினால் போய்ச் சேருவது உறைந்த வடிவம்தான். ரெவிட் ஃபேமிலி (கதவு, ஏணி போன்ற ஒரு பொருளின் வார்ப்பு) கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். தயாரிப்பாளர் பெயர், மாடல் எண் போகும். பம்பு போன்ற கருவி என்றால் குழாய், மின் இணைப்புப் புள்ளிகளும் கூடப் போகும். உயரத்துக்கும் படிகளுக்கும் இருந்த உறவு மட்டும் போகாது. காரணம், இன்வென்டர் தன் மாதிரியை வேலை நடந்த வரிசையாக வைத்திருக்கிறது: இந்தக் கோட்டுப்படம், அதை நீட்டு, இங்கே துளையிடு, அதைத் திரும்பத் திரும்ப அடுக்கு. ரெவிட் ஃபேமிலியில் வடிவத்தைப் பிடித்து வைக்கும் கண்ணுக்குத் தெரியாத தளங்கள் (reference planes) அசையும், அவற்றோடு பூட்டிய வடிவம் கூடவே அசையும். ஒன்றின் செய்முறை மற்றொன்றுக்குப் புரியாது, முடிந்த வடிவம் மட்டுமே புரியும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். மென்பொருள்களுக்கிடையே வடிவத்தைக் கடத்தப் பயன்படும் ஸ்டெப் (STEP), சாட் (SAT) கோப்பாக வரும் சுவர் இன்வென்டரில் வெறும் திடப்பொருள்.

இப்போது தமிழ்ச் சொல். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் துணையலகு. கிரேக்கத்தின் பொருளை ஒட்டியது, ஆனால் அலகு என்றவுடன் மி.மீ., அங்குலம்தான் நினைவுக்கு வரும். இலங்கையில் பரமானம். ஒலி இனிமை, ஆனால் அவசரத்தில் படித்தால் பரிமாணம் என்று கண் வழுக்கிவிடும். கணினித் துறையில் எழுதுவோர் அளபுரு என்கிறார்கள். அளபெடையில் உள்ள அதே அளபு, கூடவே உரு. என் ஓட்டு இதற்குத்தான். பாராமெட்ரிக் மாதிரியை அளபுரு மாதிரி எனலாம்.

சிலர் பரிமாணம் என்றே மொழிபெயர்த்துவிடுகிறார்கள், அது சரியில்லை. பரிமாணம் என்பது அளந்து பார்த்தால் கிடைக்கும் நீளம், அகலம். அளபுரு மாற்றக் கொடுத்த பிடி. கோப்பு மாறும்போது ஏணியின் 3000 பரிமாணமாகப் பத்திரமாக வந்துவிடும், அளபுருவாக வராது.

சரி, தேவைப்பட்டால்? மூன்று நான்கு நிலையான அளவுகள் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்துவிடலாம். உயரம் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும் என்றால் ரெவிட்டில் ஃபேமிலியைப் புதிதாகக் கட்டி, அதே பெயரில் அளபுருக்களைக் கொடுத்து, சூத்திரத்தை மறுபடி எழுத வேண்டும். ஸ்டெப் தரத்தில் அளபுருக்களுக்கென்றே 108 என்ற பகுதி 2005-ல் வந்தது. அன்றாட ஏற்றுமதியில் அதை நம்பி இருக்க முடியாது. சூத்திரங்களை ஒரு எக்செல் தாளில் எழுதி வடிவக் கோப்போடு சேர்த்து அனுப்புங்கள். எதிரே இருப்பவர் ஏணியை அளந்து ஊகிக்க வேண்டியிருக்காது.