சத்தம் போடாத பக்: டிடெக்டர் சிமுலேஷன் குழுவில் சேருகிறவர்களுக்கு

டிடெக்டர் சிமுலேஷன் என்பது துகள்களை அளக்கும் கருவியைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்ப்பது. அந்தக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் தங்கள் நிரலைப் பொது நிரலோடு சேர்க்க, அதாவது மெர்ஜ் செய்யச் சொல்லி அனுப்பும்போது, கூடவே எழுதுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: "என் கணினியில் நன்றாக ஓடுகிறது." ஓடத்தான் செய்யும். வங்கி மென்பொருளில் கணக்கு பிசகினால் மாலைக்குள் யாராவது போன் போட்டுத் திட்டுவார்கள். இங்கே இரும்புத் தகட்டின் தடிமன் பிசகினாலும் புரோகிராம் ஒழுங்காக ஓடி முடியும், அழகான ஹிஸ்டோகிராம் வரும், அதை நம்பி ஒரு மாணவர் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிடுவார். இந்த வேலையை ஒருங்கிணைக்கும் எனக்கு இருக்கும் முக்கியக் கவலை இந்தச் சத்தம் போடாத பக், அதாவது வெளியே தெரியாத நிரல் பிழைதான்.

இந்தத் துறையில் பரவலாகப் பயன்படுவது ஜியான்ட்4. ஒரு துகள் பொருளுக்குள் நுழைந்தால் எங்கே சிதறும், எவ்வளவு ஆற்றலை இழக்கும் என்று ஒவ்வொரு அடியாகக் கணக்கிடும் சி++ கருவித்தொகுப்பு இது. ஜெனீவா அருகே உள்ள துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னிலும் ஜப்பானின் கே.இ.கே. ஆய்வகத்திலும் 1993-ல் தனித்தனியாகத் தொடங்கிய முயற்சிகள் ஒன்றுசேர்ந்து, ஃபோர்ட்ரானில் இருந்த ஜியான்ட்3-க்கு மாற்றாக 1998 டிசம்பரில் இதன் முதல் வெளியீடு வந்தது. செர்னின் பெரிய துகள் மோதுவியான எல்.ஹெச்.சி.-யின் சோதனைகளும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. தேனி நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் திட்டமிட்ட 50,000 டன் ஐகால் டிடெக்டரின் சிமுலேஷனும் இதில்தான் செய்யப்பட்டது.

கருவித்தொகுப்பு எல்லோருக்கும் பொது. டிடெக்டரின் வடிவ விவரிப்பு மட்டும் நாமே எழுதுவது. தொல்லை ஆரம்பிக்கும் இடமும் அதுதான். மெக்கானிக்கல் பொறியாளரின் வரைபடத்தில் ஒரு தகட்டின் முழு நீளம் இருக்கும். ஜியான்ட்4-ன் பெட்டி வடிவமோ பாதி நீளத்தைக் கேட்கும். வரைபடத்தில் இருப்பதை அப்படியே போட்டால் மூன்று பக்கமும் இரட்டிப்பாகி, பெட்டி எட்டு மடங்கு எடையோடு உட்கார்ந்திருக்கும். அலகு இன்னொரு பொறி. ஜியான்ட்4-ல் அலகு போடாமல் 10 என்று எழுதினால் அது 10 மில்லிமீட்டர். ரூட் என்ற தரவு அலசும் மென்பொருளின் வடிவத் தொகுப்பில் அதுவே 10 சென்டிமீட்டர். இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு, ஏனோ பலர் செய்வதில்லை. ஜியான்ட்4-இடமே ஒரு பாகத்தின் நிறையைக் கேட்கலாம். அதை எடைமேடையில் வந்த எண்ணோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

பாகங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். ஒன்றின் மேல் ஒன்று கால் மில்லிமீட்டர் ஏறியிருந்தாலும் அங்கே துகள் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று நிரலுக்குக் குழப்பம். துகள் இடத்தைவிட்டு நகராமலே அடிமேல் அடி வைக்கும். அப்படி 10 முறை ஆனால் லேசாகத் தள்ளிவிடப்படும், 25 ஆனால் அந்தத் துகள் கைவிடப்படும். லாக் கோப்பில் ஒரு எச்சரிக்கை வரி வரும். லட்சம் வரி லாக்கை யார் படிக்கிறார்கள்? அதனால் இடிப்புச் சோதனையை மனிதர்களிடம் விடாமல் ஒவ்வொரு இரவும் தானாக ஓட வைப்பதே நல்லது.

அடுத்தது ரேண்டம் எண்கள். துகள் எப்படிச் சிதறும் என்பதை நிரல் இவற்றை வைத்துத்தான் முடிவு செய்யும். அந்த எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் விதை எண் ஒன்றே என்றால் முடிவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வர வேண்டும். ஆனால் நிரலில் எங்கோ ஒரு இடத்தில் ஒரேயொரு ரேண்டம் எண்ணைக் கூடுதலாக எடுத்தாலும் அதற்குப் பின் வரிசை முழுவதும் நகர்ந்துவிடும். இயற்பியல் துளியும் மாறாது, எண்கள் மட்டும் எல்லாம் மாறிவிடும். அப்புறம் வித்தியாசம் பக்கால் வந்ததா, வரிசை நகர்ந்ததால் வந்ததா என்று தேடுவது பெரும்பாடு. அதனால் மாற்றத்தை அனுப்புகிறவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: முடிவு மாறுமா, மாறாதா? மாறாது என்றால் ஒரு பிட் மாறினாலும் திருப்பி அனுப்புவேன். மாறும் என்றால் எங்கே, எவ்வளவு, ஏன் என்று படத்தோடு வேண்டும். பெயர்களைச் சீர்படுத்தும் வேலையையும் இயற்பியல் மாற்றத்தையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) கலந்து அனுப்பினால் படிக்காமலே திருப்புவேன். கடுமையாகத் தெரியலாம், பரவாயில்லை.

பெரிய குழுக்கள் இதைப் பழக்கமாகவே ஆக்கிவிட்டன. செர்னின் சி.எம்.எஸ். சோதனையின் மென்பொருள் 2013 முதல் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. ஒரு மாற்றம் வந்ததும் தானியங்கி பாட் அது தொடும் பகுதிகளைப் பார்த்து, சிமுலேஷன் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும், வடிவப் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்று சீட்டு ஒட்டும். சோதனைகளை ஓட்டி, பழைய ஹிஸ்டோகிராம்களோடு ஒப்பிட்டும் காட்டும். நேரம் கிடைத்தால் அங்கே நடக்கும் விவாதங்களைப் போய்ப் படியுங்கள். எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அதில் கற்க அதிகம்.

ஜியான்ட்4-ன் புதிய வெளியீடு வழக்கமாக டிசம்பரில் வரும். வந்ததும் ஏற்றிவிடக் கை பரபரக்கும். தயாரிப்பு ஓட்டம், அதாவது ஆய்வுக்கான பெரிய அளவு சிமுலேஷன், பாதியில் இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. சிக்னல் (நாம் தேடும் நிகழ்வுகள்) ஒரு பதிப்பிலும் பின்னணி (அவற்றைப் போலத் தோன்றும் மற்றவை) இன்னொரு பதிப்பிலும் உருவானால், இரண்டுக்கும் இடையே தெரியும் வேறுபாட்டில் இயற்பியல் எவ்வளவு, பதிப்பு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

ஆட்கள் பக்கம் வந்தால் நேரம்தான் சிக்கல். கோடையில் சிகாகோவில் காலை 9 என்றால் ஜெனீவாவில் மாலை 4, மும்பையில் இரவு 7.30, ஜப்பானில் இரவு 11. யாராவது ஒருவர் தூக்கம் கெட்டுத்தான் உட்கார வேண்டும். அது எப்போதும் ஒரே நாட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை, முறை வைத்து மாற்றலாம். கூட்டத்தில் எடுத்த முடிவை அன்றே எழுத்தில் போட்டுவிட்டால் வராதவர்களுக்கும் வருத்தம் இருக்காது.

ஆய்வேடு முடிக்கும் மாணவரிடம் விதை எண், மேக்ரோ கோப்பு (ஓட்டத்துக்கான கட்டளைகள்), ஜியான்ட்4 பதிப்பு, எந்த இயற்பியல் பட்டியல் (கணக்கில் எடுத்த வினைகளின் தொகுப்பு), எந்த வடிவப் பதிப்பு என்று எல்லாவற்றையும் அவர் கணினிக் கணக்கு மூடப்படும் முன்பே வாங்கிப் பொதுவில் போட்டுவையுங்கள். வேலை கிடைத்துப் போனபின் கேட்டாலும் மரியாதையாகப் பதில் எழுதுவார்கள்; அந்த மேக்ரோ பழைய லேப்டாப்பில் இருந்தது, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று.